எழுத்தில் மறைந்த சொற்கள்: ஒரு மும்மொழி நோக்கு

சில எழுத்துகளைக் கொடுத்து, அவற்றால் அமையும் சொற்களைக் கண்டுபிடிக்கச் செய்யும் பயிற்சி ஆங்கில வகுப்புகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. நாளிதழ்ப் புதிர்களிலும், 'ஸ்கிராபிள்' என்னும் ஆட்டத்திலும், இன்று கைப்பேசியிலும் மாணவர் இதில் ஈடுபடக் காண்கிறோம். பொழுதுபோக்காகத் தோன்றும் இப்பயிற்சி, ஒரு மொழியில் 'எழுத்து' என்பது யாது என்னும் அடிப்படை வினாவை எழுப்புகிறது. வீட்டில் தமிழோ உருதுவோ பேசி, மக்தபில் அரபு ஓதி, கல்லூரியில் ஆங்கிலம் பயிலும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டார மாணவர்க்கு இவ்வினா அயலானதன்று. ஆங்கிலம், அரபு, தமிழ் ஆகிய மும்மொழிகளும் இதற்குத் தரும் விடைகளை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கண்ணால் தேடும் ஆங்கிலம்

நம் வட்டாரத்தில் நாளும் வழங்கும் 'லெதர்' என்னும் ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். எல், இ, ஏ, டி, எச், இ, ஆர் என அதில் ஏழு எழுத்துகள் உள்ளன. ஸ்கிராபிள் ஆட்டத்தில் ஒருவர் கையில் இருப்பனவும் ஏழு எழுத்துகளே. இவற்றிலிருந்து ஹீட், ஹியர், ரியல், லேட், டீ முதலிய சொற்கள் எளிதிற் கிடைக்கும். 'டி'யும் 'எச்'சும், 'இ'யும் 'ஏ'யும், 'இ'யும் 'ஆரு'ம் எனச் சேர்ந்து வரும் இணைகளை முதலிற் பிடித்துக்கொண்டு தேடுவது நல்ல முறையாகும். அவ்வாறு தேடினால் நிலவுலகைக் குறிக்கும் 'எர்த்' என்பதும், இதயத்தைக் குறிக்கும் 'ஹார்ட்' என்பதும் வெளிப்படும்.

இவ்விரு சொற்களும் ஒலியால் வேறு, எழுத்தால் ஒன்று. இரண்டையும் அகரவரிசைப்படுத்தினால் ஏ, இ, எச், ஆர், டி என்றே நிற்கும். இவ்வாறு வரிசைப்படுத்தி ஒப்பிடுவதே கணிப்பொறிக்கு எளிய வழியாகும். ஆங்கிலத்தில் எழுத்து ஒலியினின்று விலகி நிற்பதால், சொல் தேடல் பெரிதும் கண்ணின் பணியாகிறது.

வேரால் தேடும் அரபு

எழுத்துகளை இடம் மாற்றிச் சொல் காணும் முறையைப் பேரகராதி ஒன்றுக்கே அடித்தளமாக்கிய அறிஞர், எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் ஆவார். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் இவரே. இவருடைய 'கிதாபுல் ஐன்', இரண்டு வேரெழுத்துகள் 2 வகையாகவும், மூன்று 6 வகையாகவும், நான்கு 24 வகையாகவும், ஐந்து 120 வகையாகவும் இடம் மாறும் என்னும் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. அவ்வாறு அமைவனவற்றுள் வழக்கிலுள்ளதை 'முஸ்தஃமல்' என்றும், வழக்கில் இல்லாததை 'முஹ்மல்' என்றும் பிரித்தனர்.

'கல்பு' என்னும் சொல்லில் உள்ள காஃப், லாம், பா ஆகிய மூன்றையும் காண்போம். கல்பு என்பது இதயம். கப்லு என்பது முன். லகபு என்பது பட்டப்பெயர். பக்லு என்பது கீரை வகை. லபிகு என்பது திறமையாளன். அப்லகு என்பது கருமையும் வெண்மையும் கலந்த குதிரை. ஆறு வரிசையும் சொல்லாயின. இங்கு உயிரொலிகள் கணக்கில் வாரா. வேர்மெய்களே எழுத்து எனக் கொள்ளப்படும்.

தொண்டையிற் பிறக்கும் ஐன் முதலாக இதழில் பிறக்கும் எழுத்துகள் நோக்கிச் செல்லும் கலீலின் வைப்புமுறை, எழுத்துகளின் பிறப்பிடம் கூறும் தொல்காப்பியப் பிறப்பியலை நமக்கு நினைவூட்டுகிறது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், 1924இல் தோன்றிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் ஆகிய அரபுக் கல்லூரிகள் விளங்கும் இம்மண்ணில், நம் மாணவர் கலீலை அறியாதிருத்தல் பொருந்தாது.

செவியால் தேடும் தமிழ்

தமிழிலும் இத்தகைய தேடலுக்கு நீண்ட மரபுண்டு. 1594இல் சிதம்பர இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் வரிசையில் வைத்தது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியின் நான்காம் பகுதியாகிய தொடையகராதி, எதுகை நோக்கிச் சொற்களை அடுக்கியது. அரும்பு, இரும்பு, கரும்பு, துரும்பு, விரும்பு என ஒத்த சொற்களைத் தேடும் புலவர்க்கு இத்தகைய நூல் பெருந்துணை. தண்டியலங்காரம் கூறும் மிறைக்கவிகளுள் அக்கரச்சுதகம் எழுத்தை நீக்கியும், எழுத்து வருத்தனம் எழுத்தைக் கூட்டியும் வேறு சொல் காண்பன. 'கரும்பு' என்பதில் 'ரு' நீங்கக் 'கம்பு' ஆதல் போல்வது இது.

இனி 'வேலூர்' என்னும் பெயரை நோக்குக. எழுதுங்கால் வே, லூ, ர் என மூன்றெழுத்து. இவற்றை அப்படியே இடம் மாற்றினால் 'வேர்' என்பதே கிடைக்கும். உயிர்மெய்யைப் பிரித்தால் வ், ஏ, ல், ஊ, ர் என ஐந்தாகும். அப்போது வேர் மட்டுமன்றி வேல், ஊர், ஏர் என்பனவும் பிறக்கும். கண்ணுக்குப் புலப்படாத 'ஊர்' செவிக்குப் புலப்படுகிறது!

கணிப்பொறியின் ஒருங்குறி முறையோ வேறு. அதில் 'வே' என்பது வகரமும் ஏகாரக் குறியுமாகப் பதிவாகிறது. தனித்து நிற்கும் 'ஏ' பிறிதொரு குறியீடு. எனவே ஆங்கிலத்திற்கு அமைத்த நிரலை அவ்வாறே கையாண்டால் வேர், வேல் என்பன கிட்டும். ஏர், ஊர் என்பன கிட்டா. உயிர்மெய் பிரிக்கும் இலக்கண அறிவைப் பொறிக்கு முதலிற் கற்பித்தாக வேண்டும்.

நாம் கருத வேண்டுவது

பொறிக்குக் கற்பிக்க வேண்டிய இவ்வறிவை நாமே இழந்து வருகிறோமோ என்பதே நம் கவலை. கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் தமிழ் எழுதும் வழக்கம் மாணவரிடையே பரவியுள்ளது. வி, ஏ, எல், ஐ என்று எழுதிய ஒன்றே வலி, வளி, வழி என மூன்றுக்கும் நிற்கிறது. லகர, ளகர, ழகர வேறுபாடு அங்கே மறைந்துவிடுகிறது. எழுத்தின் எல்லை மங்கிய இடத்தில் சொல்லின் எல்லையும் மங்கும்.

ஆங்கிலப் புதிரை விடுக என்பது நம் கருத்தன்று. 'லெதர்' என்பதில் 'ஹார்ட்' கண்ட மாணவர் 'கல்பு' என்பதில் ஆறு சொற்களையும் காண்க. வேலூரில் ஊரையும் ஏரையும் காண்க. ஒவ்வொரு மொழியையும் அதனதன் அளவுகோலால் அளக்கக் கற்றவரே அம்மொழியின் சொற்செல்வத்திற்கு உரியவராவர்.