வாலைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

கடுமையாக உழைப்பதாகச் சொல்லி வேலைக்கு மனுப் போடுகிறீர்கள்.

"ஹார்ட்" என்ற ஆங்கிலச் சொல்லோடு "லி" சேர்த்து, "ஐ ஹார்ட்லி ஒர்க்" என்று எழுதினால் ஆபத்து! "நான் அநேகமாக வேலையே செய்வதில்லை" என்று பொருளாகிவிடும். "ஐ ஒர்க் ஹார்ட்" என்பதே சரி.

"லி" என்று முடிவதெல்லாம் வினையடை அல்ல. "ஃபேமிலி" பெயர்ச்சொல். "ஃபிரெண்ட்லி" பெயரடை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழில் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

"வேகம்" பெயர்ச்சொல். "வேகமான" பெயரடை. "வேகமாக" வினையடை.

"ஃபாஸ்ட் டிரெயின்" என்றால் வேகமான ரெயில். இங்கே "ஃபாஸ்ட்" பெயரடை.

"ரன் ஃபாஸ்ட்" என்றால் வேகமாக ஓடு. இங்கே அதே சொல் வினையடை!

சொல்லின் வாலைப் பார்க்காதீர்கள். அது செய்யும் வேலையைப் பாருங்கள்.