பழைய பிக்கப் வண்டியின் முன்பிரேக்கில் கிறீச்சொலி

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லப் பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் பலர் கூறும் குறை, பிரேக்கை மிதித்தவுடன் முன்சக்கரத்தில் எழும் ‘கிறீச்’ என்ற ஒலியாகும். சிலர் இதனைக் கேட்டுப் பழகி விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் ஒலியை அடக்க எண்ணெய் விடுகின்றனர். முன்னது தவறு, பின்னது உயிருக்கே ஆபத்து. எண்ணெய் ஊறிய பேடு டிஸ்க்கைப் பிடிக்காது. அவசரத்தில் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அத்தகைய பேடை எறிந்துவிட வேண்டியதுதான்.

மகிந்திரா பொலிரோ பிக்கப், டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் உள்ளது. சக்கரத்துடன் சுழலும் இரும்பு டிஸ்க்கை, காலிப்பர் என்னும் கவ்வி இருபுறமும் உள்ள பேடுகளால் அழுத்திப் பிடிக்கிறது. அப்பொழுது பேடு அதிர்ந்தால் அவ்வதிர்வே ஒலியாகக் கேட்கிறது. பேடு ஏன் அதிர்கிறது என்பதையே கண்டறிய வேண்டும். பயிர் மஞ்சளிப்பதும் இவ்வாறுதான். தழைச்சத்துக் குறைந்தாலும் மஞ்சளிக்கும். நீர் தேங்கி வேர் மூச்சடைத்தாலும் மஞ்சளிக்கும். வேரைப் பாராமல் யூரியா இட்டுப் பயனில்லை.

மழை பெய்த மறுநாள் காலையில் நாலைந்து முறை மிதித்தவுடன் ஒலி நின்றுவிட்டால், அது டிஸ்க்கில் படிந்த மெல்லிய துருவினால் வந்தது, கவலை வேண்டாம். நாள் முழுவதும் ஒலித்தால் கழற்றிப் பார்க்க வேண்டும். ‘கரகர’வென்று அரைக்கும் ஒலி கேட்டால் இரும்பும் இரும்பும் உராய்கின்றன என்று பொருள். அதன்பின் வண்டியில் பாரம் ஏற்றக்கூடாது; நேரே பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யலாகாது. உறுதியான ஸ்டாண்டு கட்டாயம் தேவை. கழற்றிய காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்கவும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றடித்து நீக்கவோ கூடாது. பழைய பேடுகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைக்கவும்.

பேடின் உராயும் பகுதி 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். பல பேடுகளில் தேய்மானத்தை அறிவிக்கவே ஒரு சிறு தகடு வைத்திருப்பார்கள். அது டிஸ்க்கில் உரசியும் ஒலி எழலாம்.

பேடு தடிப்பாக இருந்தும் ஒலித்தால் காலிப்பர் நகரும் பின்களைப் பாருங்கள். சேற்றிலும் வரப்போரத்திலும் ஓடும் வண்டிகளில் நான் முதலில் ஐயுறுவது இதனைத்தான். ரப்பர் உறை கிழிந்து சேற்றுநீர் புகுந்தால் பின் துருப்பிடித்து இறுகிவிடும். ஒரே சக்கரத்தில் உட்பேடும் வெளிப்பேடும் சமமின்றித் தேய்ந்திருப்பது இதற்கு அடையாளம். பின்னைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் வெப்பம் தாங்கும் சிலிகான் கிரீஸைத் தடவ வேண்டும். சாதாரணக் கிரீஸ் ரப்பரை உப்பச் செய்துவிடும். பேடின் முதுகில் உள்ள மெல்லிய தகட்டைச் சில பட்டறைகளில் தேவையற்றதென்று எறிந்துவிடுகின்றனர். அதிர்வை அடக்குவதே அத்தகடுதான். கேட்டு வாங்கிப் பொருத்துங்கள்.

பேடின் முகம் கண்ணாடிபோல் மினுமினுத்தால் அது சூடேறிப் போனதாகும். நீலகிரியிலிருந்து காரட், உருளைக்கிழங்கு ஏற்றி மேட்டுப்பாளையத்திற்கு இறங்கும் வண்டிகள், பிரேக்கிலேயே காலை வைத்து வந்தால் இந்நிலை ஏற்படும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வருவதே முறை. லேசான மினுமினுப்பை உப்புத்தாளால் தேய்த்து நீக்கலாம். வெடிப்பு இருந்தால் பேடை மாற்றவும். டிஸ்க்கில் ஆழமான வரிகள் விழுந்திருந்தால் பட்டறையில் கடைசல் பிடிக்கலாம். ஆனால் அதற்குரிய குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக்கூடாது. பெரும்பாலும் அந்த அளவு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

எல்லாவற்றையும் பூட்டியபின், வண்டியை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை பலமுறை மிதிக்கவும். இதனை மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. புதுப் பேடு பொருத்தியிருந்தால் ஆளில்லாச் சாலையில், பாரமின்றி, பதினைந்து இருபது முறை மிதமாகப் பிரேக் பிடித்துப் பழக்கவும். அப்பொழுதும் பெடல் மெத்தென்று அமுங்கினாலோ வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ மேற்கொண்டு நீங்களே முயலாமல் மெக்கானிக்கிடம் காட்டவும்.