ஒன்றரை வயது ஊசி எங்கே விட்டுப்போகிறது?

45, 75, 105. திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூர் பக்கம் கைக்குழந்தை உள்ள வீடுகளில் இந்த மூன்று எண்களும் மனப்பாடம். பிறந்த 45-ஆம் நாள், 75-ஆம் நாள், 105-ஆம் நாள் போடும் ஊசிகள். இவை பெரும்பாலும் தவறுவதில்லை. பிறந்த உடனே பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி ஆகியவற்றை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த மூன்று தவணைக்கும் கிராம சுகாதார செவிலியர் கணக்கு வைத்திருக்கிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் தடுப்பூசியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. சிக்கல் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

இந்தப் பகுதியில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆனதும் மாமியார் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அங்கிருந்து பிழைப்புக்காகப் பல குடும்பங்கள் பெங்களூருக்குக் கிளம்பிவிடும். திண்டிவனத்தில் இருந்து செஞ்சி, கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே ஓடுகிறது. பஸ் ஏறினால் கட்டட வேலை. சில மாதம் குழந்தை அப்பா அம்மாவோடு அங்கே, சில மாதம் ஆயாவோடு இங்கே. தடுப்பூசி கார்டு எங்கே? பெரும்பாலும் தாய்வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும். ஒரு நர்சம்மாவின் பதிவேட்டில் இருந்து குழந்தை வெளியேறி, அடுத்தவரின் பதிவேட்டில் ஏறாமலேயே ஒன்றரை வயதைத் தாண்டிவிடுகிறது.

அந்த வயதில் போடுவது சாதாரண ஊசி இல்லை. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை போடுகிறார்கள். அதோடு நிமோனியாவுக்கான ஊக்க ஊசி, போலியோவுக்கான மூன்றாவது ஊசி, வைட்டமின் ஏ திரவம். 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊக்க ஊசி, போலியோ சொட்டு மருந்து. விழுப்புரம் போல மூளைக்காய்ச்சல் பரவும் மாவட்டங்களில் அதற்கும் தனி ஊசி உண்டு. ஐந்து வயதில் மீண்டும் முத்தடுப்பு ஊசி, 10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னி, தொண்டை அடைப்பானுக்கான ஊசி.

நாடு முழுக்கவே ஓட்டை இந்த இடத்தில்தான் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தட்டம்மை முதல் தவணை நூற்றில் 88 குழந்தைகளுக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டாம் தவணை கிடைத்தது 59 பேருக்குத்தான். ஒன்பது மாதத்தில் போடும் ஒரு தவணை நூற்றில் சுமார் 85 குழந்தைகளைக் காக்கும். மீதமுள்ளவர்களைக் காப்பது இரண்டாம் தவணை. தட்டம்மை வந்த ஒருவர், பாதுகாப்பில்லாத 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுத்துவிடுவார். அவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் கூடுகிற மாவட்டம் இது. 2022-இல் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, அவர்களில் பலர் ஊசி விட்டுப்போனவர்கள். 2016-இல் கேரளத்தின் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் தலைதூக்கியபோது பதின்ம வயதினரும் அதற்குத் தப்பவில்லை.

அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, "ஆத்தா வந்திருக்கா" என்று வீட்டைச் சுத்தமாக வைப்பது நம் மரபு. அந்தப் பக்தியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தட்டம்மை நிமோனியாவாகவும் மூளைக்காய்ச்சலாகவும் மாறும், கண்ணையும் பறிக்கும். ஊசி போட்ட பிறகும் வேப்பிலை கட்டலாம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றலாம்.

ஊசி மீதான பயத்தையும் பேசியாக வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு கிராமத்துக்கு வந்து ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டியதாயிற்று. 2005-06 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழகத்தில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் நூற்றில் 81 பேர். 2015-16 ஆய்வில் அது 70. சரிவுக்கு அந்தச் சம்பவம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கைக்குழந்தையோடு பஸ் பிடித்துப் போக வேண்டும் என்றால் கூலி வேலைக்காரத் தாய் ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியால் பல பெற்றோர் பள்ளியிலேயே மறுத்தார்கள். முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2019-21 ஆய்வில் தமிழகம் 89-க்கு ஏறியது. ஏற்றியவர்கள் வெயிலில் வீடு வீடாக நடந்த செவிலியர்கள். அவர்களுக்கு நாம் சொன்ன நன்றி போதாது.

தடுப்பூசி நாளான புதன்கிழமை, ஊசி போடும் இடத்தில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குளிர்பெட்டியில் இருந்து எடுக்கும் குப்பியின் மேல் சிறு வட்டம், அதற்குள் வெளிர் நிறச் சதுரம் ஒன்று இருக்கும். மருந்தில் வெப்பம் ஏற ஏறச் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கி எறிய வேண்டும். ஒருமுறை குத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுதான் பயன்படுகிறது. "குப்பியைக் காட்டுங்கம்மா" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல செவிலியர் கோபிக்க மாட்டார். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வதும் பாதுகாப்புக்காகத்தான்.

"போன தடவை ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சுது, இந்தத் தடவை வேணாம்" என்பது ஆயாக்கள் வழக்கமாகச் சொல்வது. லேசான காய்ச்சல் வருவது இயல்பு. அதற்குப் பாராசிட்டமால் தருவார்கள். சளி, இருமல், லேசான வயிற்றுப்போக்கு இருந்தாலும் ஊசி போடலாம்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு, அதாவது 1989 வரை நம்முடையதாகவும் இருந்த மாவட்டத்துக்கு, இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போலியோ மருந்து கொடுக்கும் முறையை வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1980-களில் அங்கே செய்து காட்டினார். இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். அதன்பிறகு அந்தக் கிருமியால் பாதிக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

தவணை தவறிவிட்டதே, இனிப் போய் நின்றால் திட்டுவார்களோ என்ற கூச்சத்திலேயே பலர் போவதில்லை. தவறிய தவணைக்காக முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்தில் இருந்து போட்டால் போதும். தட்டம்மை-ரூபெல்லா ஊசியை ஐந்து வயது வரையும், முத்தடுப்பு ஊசியை ஏழு வயது வரையும் போட்டுக்கொள்ளலாம். பெங்களூரில் இருந்தாலும் அருகில் உள்ள அரசு சுகாதார நிலையத்தில் இலவசம்தான்.

கார்டைப் பெட்டியில் இருந்து எடுத்துப் போட்டோ பிடித்து, தாய், தகப்பன், ஆயா மூவரின் செல்போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டால், முதலில் ஊசி போட்ட நிலையத்தில் பதிவு இருக்கும், கேளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றரை வயது கட்டம் காலியாக இருந்தால், வருகிற புதன்கிழமையே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.