இமை அறுவை: நாள் குறிக்கும் முன்

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போன கையோடு, பெண்ணின் அம்மா கண் இமையைச் சரிசெய்ய டாக்டரிடம் நாள் கேட்கிற காலம் இது. மேலிமையில் தொங்கும் தோலையும் கீழிமையில் பை போலத் துருத்தும் கொழுப்பையும் சரிசெய்யும் ‘பிளெஃபரோபிளாஸ்டி’ அறுவை இப்போது பெருநகரத்துச் சமாச்சாரம் மட்டுமல்ல. கடலூரிலும் சிதம்பரத்திலும் விசாரிக்கிறார்கள். பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சின்ன அறுவைதான். ஆனால் கத்தி நடமாடுவது கண்ணுக்கு ஒட்டினாற்போல. அதனால் முதலில் கேட்க வேண்டியது செலவு எவ்வளவு என்பதல்ல, எனக்கு இருப்பது என்ன கோளாறு என்பதுதான்.

தொங்குவது தோலா, தசையா?

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, நெற்றியைச் சுருக்காமல் நேராகப் பாருங்கள். மேலிமையின் விளிம்பு கருவிழியின் மேல் ஓரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மறைப்பது இயல்பு. விளிம்பு அங்கேயே இருந்து, அதன்மேல் தோல் மடிந்து வழிந்தால் கோளாறு தோலில். விளிம்பே இறங்கிக் கண் பாப்பாவைத் தொட்டால், இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கலாம். தசை தளர்ந்தவருக்குத் தோலை மட்டும் வெட்டினால், காசும் போய் கண்ணும் அரைத் தூக்கத்திலேயே இருக்கும். சிலருக்குத் தோலும் தசையும் சரியாக இருக்க, புருவம்தான் கீழே இறங்கியிருக்கும்.

காலையில் சரியாக இருந்து சாயங்காலம் இமை சரிகிறதா? மயஸ்தீனியா என்ற தசைநோயாக இருக்கலாம். இமை வீங்கி விழி பிதுங்கினாற்போல் இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு பக்க இமை திடீரென விழுந்து, தலைவலியோ இரட்டைப் பார்வையோ சேர்ந்தால் அழகு டாக்டரைத் தேடாதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். நம் ஊரில் பாதிப் பேருடைய குறை கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையம். தோலின் நிறத்தால் வந்த கருமையை இந்த அறுவை போக்காது.

மாத்திரைப் பையோடு போங்கள்

இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ‘அறுவைக்காக’ என்று தானாக மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. நிறுத்தலாமா, எத்தனை நாள் என்பதை இதய டாக்டரும் அறுவை டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு கேப்சூல் ஆகியவையும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. “அது நாட்டு மருந்துதானே” என்று சூரணத்தை மறைக்காதீர்கள். டப்பாவோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வராமல் தேதி வாங்க வேண்டாம். புகைப்பவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும். சில வாரம் முன்பே நிறுத்துங்கள்.

கண் உலர்ச்சியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கண் உறுத்துகிறது, மண் விழுந்தாற்போல் இருக்கிறது என்பவர்களுக்குக் கண்ணீர்ச் சுரப்பை அளந்து பார்த்தாக வேண்டும். தோலை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் தூங்கும்போது இமை முழுதாக மூடாது. வறண்ட கண்ணில் கருவிழியே புண்ணாகும். லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்கள் அதையும் சொல்லுங்கள்.

பத்து, பதினைந்து வருடத்துக்கு முந்தைய போட்டோ ஒன்றையும் கொண்டுபோங்கள். எது வயதால் வந்தது, எது பிறவி அமைப்பு என்பது அதில் தெரிந்துவிடும்.

யாரிடம் காட்டுவது?

கண் மருத்துவம் படித்து இமைச் சீரமைப்பில் தனிப் பயிற்சி பெற்றவர், அல்லது பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஹெச். போன்ற பட்டம் முடித்தவர். இந்த இரண்டில் ஒன்றும் இல்லாதவர் கத்தியைத் தொடக் கூடாது. கண்ணைச் சோதிக்காமலே தேதியும் தள்ளுபடியும் சொல்லும் அழகு நிலையமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் பரிசோதனைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிதம்பரம் அண்ணாமலை நகரில், ராஜா முத்தையா என்று நாம் சொல்லிப் பழகிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இப்போது அரசுடையது. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஊருக்கு அப்பால் ஜிப்மர் மருத்துவமனை.

அழகுக்காகச் செய்யும் அறுவைக்குக் காப்பீட்டுப் பணம் வராது. தோல் பார்வையை மறைப்பதாகப் பார்வைப் பரப்புச் சோதனையில் தெரிந்தால் கேட்டுப் பார்க்கலாம்; பதிலை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

எப்போது வைத்துக்கொள்வது?

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம். தையல் பிரிக்கவே ஐந்து முதல் ஏழு நாள், இமை கன்றிய நீலம் மங்க இரண்டு வாரம் ஆகும். முழு வடிவம் தெரியச் சில மாதங்கள். இரண்டு மூன்று மாத இடைவெளி இருந்தால் நிம்மதி. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்திலோ கிள்ளையிலோ கடலில் முழுக்குப் போடுகிறவர்கள் அதையும் கணக்கில் வையுங்கள். டாக்டர் சரி என்னும்வரை கடல் நீரும் மணலும் காயத்தில் படக் கூடாது. கண் மையும் அப்படித்தான். விபூதியை விரல்நுனியால் நெற்றியில் மட்டும் இட்டுக்கொள்ளுங்கள், தூள் இமையில் உதிராமல்.

அன்று இரவு

சென்னையில் அறுவை செய்துகொண்டு அன்றே சிதம்பரத்துக்கு ரயிலேறுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு ராத்திரியாவது மருத்துவமனைக்குப் பக்கத்தில், துணைக்கு ஆளோடு தங்குங்கள். தலையணையை உயர்த்தி வைத்து, சொன்னபடி குளிர் ஒத்தடம் கொடுங்கள். குனிந்து கனமான பொருளைத் தூக்க வேண்டாம்.

மிக அரிதாகக் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்கிப் பார்வை நரம்பை அழுத்தும். வலி ஏறிக்கொண்டே போவது, ஒரு கண் பிதுங்குவது, பார்வை மங்குவது ஆகியவை அதன் அறிகுறிகள். சில மணி நேரத்திலேயே பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். நடுராத்திரியில் கூப்பிடும் எண்ணை அறுவைக்கு முன்பே கேட்டு, துணைக்கு இருப்பவரின் கைபேசியில் பதிந்து வையுங்கள். இந்த அறிகுறி ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.