கொல்லைப்புறத்தில் ஒரு சிறுத்தை

மும்பையின் போரிவலி, முலுண்டு, ஆரே காலனி ஆகிய பகுதிகளில், குடியிருப்பின் சுற்றுச்சுவர்மேல் நள்ளிரவில் சிறுத்தையொன்று நடந்து செல்வது கேள்விப்படாத செய்தியன்று. கண்காணிப்புக் கேமராவில் பதிவான அக்காட்சியை மறுநாள் காலையில் காண்போர், அதைப் பிடித்துத் தொலைவிலுள்ள காட்டில் விட்டுவிடுமாறு கோருவது வழக்கம். அச்சத்தில் எழும் இயல்பான கோரிக்கைதான் இது. ஆயினும், அது நமக்குப் பாதுகாப்பைத் தருமா?

நகரையொட்டி ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்பில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா அமைந்துள்ளது. பூங்காவிலும் அதனைச் சுற்றியும் 2015ஆம் ஆண்டு தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு நடத்திய கணக்கெடுப்பில் 35 சிறுத்தைகள் அடையாளம் காணப்பட்டன. காட்டினுள் மானும் காட்டுப்பன்றியும் அவற்றுக்கு இரையாகின்றன. காட்டின் விளிம்பிலோ, நாம் கொட்டும் குப்பை தெருநாய்களை ஈர்க்கிறது. நாய்கள் சிறுத்தையை ஈர்க்கின்றன. அது நாடி வருவது மனிதனை அன்று.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் ஆய்வு மேற்கொண்ட வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குறிப்பிடத்தக்க உண்மையொன்றை வெளிப்படுத்தினார். பிடிபட்ட சிறுத்தைகளை வேற்றிடத்தில் விட்டபின், அவ்விடங்களின் அருகே மனிதர் மீதான தாக்குதல்கள் அதிகரித்தன. ஓரிடத்தை அகற்றிய சிக்கல் மற்றோர் ஊரின் வாசலில் இறக்கப்பட்டது. பழகிய எல்லையை இழந்த விலங்கு, அறியாத நிலத்தில் தடுமாறுகிறது. திரும்பிச் செல்லவும் முயல்கிறது.

2009ஆம் ஆண்டு கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஆண் சிறுத்தை ஒன்றுக்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை அணிவித்து, மால்ஷேஜ் மலைப்பகுதியில் விட்டனர். மராத்தியில் தாத்தா எனப் பொருள்படும் 'ஆஜோபா' என்பது அதன் பெயர். நெடுஞ்சாலையையும் இருப்புப்பாதையையும் கடந்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நடந்து அது மும்பைப் பூங்காவை அடைந்தது. வழியில் எவருக்கும் தீங்கிழைக்கவில்லை. 2011இல் அதன் உயிரைப் பறித்தது சாலையில் விரைந்த வாகனமே.

எனவே, சிறுத்தையைக் கண்டவுடன் கூட்டம் கூடுதல், கல்லெறிதல், பின்தொடர்ந்து படமெடுத்தல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். தப்பும் வழியின்றிச் சுற்றி வளைக்கப்பட்ட விலங்கே தாக்க முற்படும். குழந்தைகளையும் செல்லப்பிராணிகளையும் வீட்டினுள் அழைத்துக்கொண்டு, வனத்துறைக்குத் தகவல் தருக. இருட்டிய பின் குழந்தைகள் தனியே வெளியில் செல்லாதவாறு பார்த்துக்கொள்க. சுற்றுப்புறத்தில் விளக்கொளி இருக்கட்டும். புதர்களும் குப்பையும் அகலட்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிய அதிகாரியின் ஆணையின்றிச் சிறுத்தையைப் பிடிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

வந்த வழி திறந்திருந்தால், அந்த விருந்தாளி பெரும்பாலும் விடியுமுன் தானே விடைபெற்றுக்கொள்ளும். அடுத்த இரவு அது வருமா என்பதை, நம் வாசலில் இன்று குப்பை கிடக்கிறதா என்பதே பெரிதும் முடிவு செய்கிறது.