கெமராவின் பெயரையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள்

தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் வீதியோரம் நின்றால் டெவோன், சென் கிளேயர் என இரண்டு நீர்வீழ்ச்சிகளையும் பார்க்கலாம். கையிலிருப்பது சாதாரண டிஜிட்டல் கெமரா என்றால், நீர்வீழ்ச்சி படத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாகத்தான் விழும். இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லித்தான் கூடுதல் லென்ஸ்கள் விற்கப்படுகின்றன. தோட்டங்களில் சடங்கு வீடு, கோயில் திருவிழா என்று படம் பிடித்து நாலு காசு பார்க்கும் இளைஞர்கள்தான் அவற்றை ஆசையோடு வாங்குகிறார்கள்.

சாதாரண கெமராவின் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. கூடுதல் லென்ஸை அதற்கு முன்னால்தான் பொருத்த வேண்டும். ஏற்கெனவே உள்ள எட்டத்தை அது பெருக்கித் தரும், அவ்வளவுதான். கெனன் 2010இல் வெளியிட்ட பவர்ஷொட் ஜி12 கெமராவின் சூம் 140 மி.மீ. வரை எட்டும், 1.4 மடங்கு டெலி லென்ஸைப் போட்டால் 196 மி.மீ. ஆகும். அதையும் நேரடியாக மாட்ட முடியாது. முன்வளையத்தைக் கழற்றிவிட்டு, கெமராவின் உடலோடு பூட்டும் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் முனையில்தான் லென்ஸைத் திருக வேண்டும். அப்போது பாரம் உடலில் இறங்கும். நீண்டு சுருங்கும் சூம் குழல் தப்பிக்கும்.

மலிவான லென்ஸ்கள் பலவற்றுக்கு இந்தக் குழாய் கிடையாது. பசையால் ஒட்டிய காந்த வளையத்தில் தொங்கும் கண்ணாடியின் முழுப் பாரத்தையும் சூம் குழலின் சின்னஞ்சிறு பற்சக்கரங்கள்தான் சுமக்கின்றன. ஒருநாள் குழல் பாதியில் நின்று, திரையில் 'லென்ஸ் எரர்' என்று வரும். வேறு கம்பனியின் துணைப்பொருளால் வந்த சேதத்துக்குக் கெமராவின் உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது.

மலையகத்துத் தொழிலாளரை 1870களிலேயே படம் பிடித்தவர் ஜூலியா மார்கரெட் கெமரன். 1879இல் டிக்கோயா கிளென்கெயார்ன் தோட்டத்தில் இறந்த அவருடைய கல்லறை பொகவந்தலாவை சென் மேரி தேவாலயத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் இருந்தபோது, 1866இல் பெரிய கெமராவுக்கு மாறிய அவர், அதற்கேற்ற டால்மேயர் லென்ஸையும் வாங்கினார். கெமராவையும் லென்ஸையும் சோடியாகப் பார்க்க வேண்டும் என்ற விதி இன்றும் மாறவில்லை.

நுவரெலியாவின் குளிருக்கும் பனிமூட்டத்துக்கும் தனிக் கவனம் வேண்டும். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் வீட்டுக்கு வந்ததும் கூடுதல் லென்ஸைக் கழற்றி, உலர்த்தி, தனியாக வைக்க வேண்டும். சிவனொளிபாதமலையில் சூரியன் மேலெழுந்த பிறகு டெலி லென்ஸை நேராக அதன்மேல் பிடித்து வைத்திருப்பது, படம் பதியும் சென்சரைப் பொசுக்கிவிடக்கூடும்.

இனி உரிமை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வாங்குபவருக்குப் பலமான ஆதாரம். எந்தக் கெமராவுக்கு, என்ன வேலைக்கு என்று சொல்லி, அந்தப் பொருளை வழக்கமாக விற்கும் வியாபாரியின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு உதவ வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. ஆனால் வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம். ஆகவே பற்றுச்சீட்டில் லென்ஸின் பெயரோடு 'இன்ன மொடல் கெமராவுக்கு' என்றும் எழுதி வாங்குவதே உறுதியான பாதுகாப்பு. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். கடையிலேயே லென்ஸை மாட்டி, சூமை முழுதாக விரித்தும் சுருக்கியும் பார்ப்பது நல்லது. படத்தின் நான்கு மூலைகளும் கறுக்கின்றனவா, பிளாஷ் அடிக்கும்போது லென்ஸின் நிழல் விழுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பொருள் சொன்னபடி இல்லையென்றால் முதலில் கடைக்காரரிடம் கேட்கலாம். அவர் தட்டிக்கழித்தால் நாட்களைக் கடத்தக் கூடாது. வாங்கிய 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்ய வேண்டும். விசாரித்த பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ உத்தரவிட சபைக்கு அதிகாரம் உண்டு. வழி கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சிங்களம் எழுதத் தெரியாதே என்று தோட்டத்து மக்கள் தயங்க வேண்டியதில்லை. அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தருகிறது. கடிதத்தோடு பற்றுச்சீட்டின் பிரதி, லென்ஸ் வந்த பெட்டியின் படம், அந்த லென்ஸால் எடுத்த பழுதான படங்கள் ஆகியவற்றை இணைத்து அனுப்பிவிட்டு, மூலப் பற்றுச்சீட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.