ஆயாவின் கைத்தடிக்கு எந்த கேட் சாஃப்ட்வேர்?

த்ரீ-டி பிரிண்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கேட் சாஃப்ட்வேர் கற்றுக் கொள்ளலாம்?" என்பதைத்தான். ஆட்டோகேட் என்ற பெயரின் கடைசியில் வருகிறதே, அதே கேட். நீங்கள் செய்யப் போகும் பொருளை ஸ்கேல் வைத்து அளக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். இதை நான் பாலக்கோட்டில் இருக்கும் என் ஆயாவிடம் பட்டுத் தெரிந்து கொண்டேன்.

ஆயாவின் அலுமினியக் கைத்தடியில் பிடி வழுக்கும். ஒருநாள் கை நழுவி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்ஜினீயருக்குப் படிச்சவன்தானே, ஒண்ணு செஞ்சு குடு கண்ணு" என்றார்.

ஃப்ரீகேடைத் திறந்தேன். இது இலவசம், பாராமெட்ரிக் வகையைச் சேர்ந்தது. இந்த வகையில் படம் வரைவதைவிட, அளவுகளையும் அவற்றுக்குள் உள்ள உறவையும் சொல்வதுதான் முக்கியம். 'துளை 22 மி.மீ., வெளிவிட்டம் அதைவிட 8 மி.மீ. கூடுதல்' என்று கொடுத்துவிட்டால் போதும். நாளை 22-ஐ 25 ஆக்கினால் வெளிவிட்டம் தானே 33 ஆகிவிடும். 1980களின் கடைசியில் வந்த ப்ரோ-இன்ஜினீயர் இந்த முறையைப் பரவலாக்கியது.

அரை மணி நேரத்தில் பிடி தயார். விரல்களுக்குச் சம அளவில் நான்கு பள்ளங்கள். ஆயா பிடித்துப் பார்த்துவிட்டு, "என் கை இப்படியா இருக்குது?" என்றார். அவருக்கு மூட்டுவலி, சுண்டுவிரல் முழுதாக மடங்காது. அந்த விரலுக்கு நான் என்ன அளவு கொடுப்பது?

இங்கேதான் ஃப்ரீஃபார்ம் சர்ஃபேஸ் மாடலிங் வருகிறது. பொருளைச் சுற்றி ஒரு கூண்டு இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். கூண்டின் புள்ளிகளை மௌஸால் இழுத்தால் உள்ளே இருக்கும் பரப்பு வழுவழுவென்று வளைந்து கொடுக்கும். இதன் கணக்கை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியவர்கள், ரெனோ கார் கம்பெனியின் பெசியேவும் சித்ரோன் கம்பெனியின் தெ காஸ்தெல்ஜோவும்.

கார் கம்பெனிக்கு இது எதற்கு? 2004 வரை எங்கள் தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் டிவிஎஸ் தொழிற்சாலை இருக்கிறது. ஒரு ஸ்கூட்டரை எடுத்துக் கொள்ளுங்கள். இன்ஜினில் துளை நூலிழை தவறக் கூடாது. அது பாராமெட்ரிக் வேலை. முன்பக்க பேனலில் வெயில் படும்போது ஒளிக்கோடு உடையாமல் ஓட வேண்டும். அது சர்ஃபேஸ் வேலை. இரண்டு வளைவுகள் தொட்டுக் கொண்டால் மட்டும் போதாது. தொப்பூர் கணவாயில் பஸ் வளைவுக்குள் திடீரென்று திரும்பினால் நாம் சாய்கிறோம். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினால் தெரிவதே இல்லை. பேனலும் அப்படித்தான். வளைவின் அளவே படிப்படியாக மாற வேண்டும்.

ஆயாவிடம் திரும்பி வருவோம். தடியில் சப்பாத்தி மாவை அப்பி அவரை இறுகப் பிடிக்கச் சொன்னேன். ("சோத்துக்கு வெச்ச மாவு" என்று திட்டு விழுந்தது.) மாவை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, இலவச சாஃப்ட்வேரான பிளெண்டரில் பின்னணியாக வைத்து, சப்டிவிஷன் சர்ஃபேஸ் முறையில் புள்ளிகளை இழுத்தேன். தொழிற்சாலைகளில் பயன்படும் நர்ப்ஸ் பரப்பு இது அல்ல. அதற்கு ரைனோ போன்றவை வேண்டும், காசும் வேண்டும். வீட்டு பிரிண்டருக்கு பிளெண்டரே தாராளம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பிடி கையில் உட்கார்ந்தது.

அடுத்த மாதமே மாமா 25 மி.மீ. தடி வாங்கி வந்துவிட்டார்! பிளெண்டரில் ஒரு எண்ணை மாற்றி எல்லாவற்றையும் சரிசெய்ய வழியில்லை. துளையைப் பெரிதாக்கினால் சுண்டுவிரல் பள்ளத்தில் சுவர் மெலிந்து போகிறது.

கடைசியில் இரண்டாகப் பிரித்தேன். வெளிப்பிடி பிளெண்டரில், நிலையான 30 மி.மீ. துளையுடன். அதற்குள் நுழையும் குழாய் ஃப்ரீகேடில். குழாயின் வெளிவிட்டம் 29.7, உள்விட்டம் மட்டும் மாறும். தடி மாறினால் குழாயை மட்டும் பிரிண்ட் செய்து ஒட்டினால் போதும். பிளெண்டரிலிருந்து எஸ்.டி.எல். ஃபைலாகச் சேமிக்கும்போது மட்டும் அளவு மி.மீ.-இல்தான் போகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். என்னுடைய முதல் பிடி ஸ்லைசரில் கடுகு அளவுதான் இருந்தது.

குழாய் ஃபைலில் இப்போது 22, 25 என்று இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஆயாவின் தங்கை 19 கேட்டிருக்கிறார். அவருக்கும் மாவு பிசைய வேண்டும்.